பழைய மீன்பிடிப் போட்டுக்கு டீசல் டேங்க் மாற்றப் போகிறீர்களா? இரும்பு, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), அலுமினியம், ஃபைபர், பிளாஸ்டிக்: எது யாருக்கு?

மீன்பிடித் தடைக்காலம் நெருங்க நெருங்க எனக்கு வரும் போன்களில் பாதி டேங்கைப் பற்றித்தான். "அண்ணே, டேங்க் கசியுது. ஒட்டுப் போட்டா போதுமா, மாத்தணுமா? மாத்தினா எஸ்.எஸ். போட்டிரலாமா?" எங்கள் குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம், எந்தத் துறைமுகத்திலிருந்து கேட்டாலும் கேள்வி இதுதான். போனில் இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்ல முடியாது. உங்கள் போட்டு எது, டேங்க் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் சொல்லவும் கூடாது. அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் பேசுவது பெரும்பாலும் 40 முதல் 55 அடி வரையுள்ள பழைய மரப் போட்டைப் பற்றி. மேலே ஃபைபர் ஒட்டியிருந்தாலும் உள்ளே மரம்தான் என்றால் அதுவும் இதில் சேரும். ஃபைபர் வள்ளத்துக்கும் (சின்னப் படகு) ஆழ்கடல் போட்டுக்கும் எங்கே கணக்கு மாறுகிறதோ அங்கே தனியாகச் சொல்கிறேன்.

## டேங்க் எங்கே சாகிறது

எங்கள் 48 அடிப் போட்டின் பழைய இரும்பு டேங்கை வெளியே எடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மேல் தகடும் பக்கத் தகடும் சுத்தியலால் தட்டினால் மணி மாதிரி கேட்டது. புரட்டிப் போட்டால் அடியில் இரண்டு இடத்தில் பொத்தல். ஒன்று, டேங்க் ஆடாமல் இருக்க என்று யாரோ எப்போதோ திணித்து வைத்த கோணிச்சாக்குக்கு நேர் மேலே. சாக்கு உப்புத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் தகட்டை நக்கியிருக்கிறது. இன்னொன்று உள்பக்கமிருந்து விழுந்தது, சரியாக அளவுகோல் விடும் குழாய்க்குக் கீழே. தினமும் டீசல் பார்க்க இரும்புக் கம்பியை விட்டு விட்டு, அது ஒரே இடத்தில் இடித்து இடித்துத் துருவைப் பெயர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

வேலை பார்த்த ஆசாரி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டேங்குக்கு நோய் வயித்துல இல்ல மக்கா, குண்டியில." கொச்சைதான், ஆனால் அதுதான் விஷயம். டீசலுக்கு அடியில் தண்ணீர் தேங்கும். அலை அடிக்கும்போது டெக்கிலுள்ள (மேல்தளத்திலுள்ள) மூடி வழியாக இறங்கும், பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் வியர்த்தும் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற கோட்டில் பாசி மாதிரி ஒன்று வளர்ந்து, அமிலம் கக்கித் தகட்டை அரிக்கும். வெளியே இன்ஜின் ரூம் அடித்தண்ணீர். இரண்டு பக்கமும் தாக்குவது அடித்தகட்டைத்தான். ஆகவே எந்தப் பொருளில் செய்கிறோம் என்பதைவிட, அந்த அடிப்பக்கம் காய்கிறதா, அங்கே கை போகிறதா என்பதுதான் டேங்கின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

போட்டுக்கு மிச்சமிருக்கும் ஆயுள். ஏராவும் (அடிமரம்) வங்குக்கால்களும் (விலா மரங்கள்) இன்னும் ஆறேழு வருஷம்தான் தாங்கும் என்றால் இருபத்தைந்து வருஷம் உழைக்கும் டேங்க் வீண் செலவு. பழைய போட்டை விற்கும்போது டேங்குக்கென்று யாரும் கூட்டிக் கொடுப்பதில்லை.

உள்ளே போகும் வழி. இதில்தான் பணம் கரையும். போட்டு கட்டும்போது டேங்கை முதலில் இறக்கிவிட்டு அதன்மேல்தான் டெக் அடித்திருப்பார்கள். இப்போது எடுக்க வேண்டுமானால் டெக் பலகையைப் பிரிக்க வேண்டும், சில போட்டில் இன்ஜினையே தூக்க வேண்டும். கிரேன், ஆசாரி கூலி, மறுபடி பலகை, ஃபைபர், குழாய்கள். இதெல்லாம் சேர்ந்து டேங்கின் விலையைத் தாண்டியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விலை கேட்கப் போகும் முன் இன்ஜின் ரூம் வாயை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

நாள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அதுவும் 61 நாள்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சின்னமுட்டத்துக்காரருக்குச் சித்திரை வெயில் கிடைக்கும். நமக்குக் கிடைப்பது தென்மேற்கு மழை. நனைந்த இரும்பில் பெயிண்ட் பிடிக்காது, ஃபைபர் ரெசின் காயாது. மேற்கே இருப்பவர்கள் டேங்கை மே மாதமே ஆர்டர் கொடுத்து, கூரைக்குள் பெயிண்ட் அடித்து, ஜூனில் வெறுமனே இறக்கி வைக்கிற மாதிரி திட்டமிட வேண்டும்.

பழுது பார்க்க யார் இருக்கிறார்கள், எடை எவ்வளவு: இவை இரண்டும் மிச்சம். எடையைக் கீழே அட்டவணையில் பாருங்கள். 1.25 மீட்டர் நீளம், 0.8 அகலம், 1 மீட்டர் உயரமுள்ள 1000 லிட்டர் டேங்க், உள்ளே டீசல் அலையாமல் இருக்க நடுவே ஒரு தடுப்புத் தகடு என்று வைத்துப் போட்ட கணக்கு.

| வகை | தகட்டுக் கனம் | காலி எடை (சுமார்) | பலவீனம் |
|---|---|---|---|
| இரும்பு | 5 மி.மீ. | 270 கிலோ | துரு, அதிலும் அடித்தகடு |
| எஸ்.எஸ். 316எல் | 3 மி.மீ. | 165 கிலோ | வெல்டிங் ஓரம், ஏமாற்றுத் தகடு |
| அலுமினியம் 5083 | 5 மி.மீ. | 90 கிலோ | பித்தளை, செம்போடு சேராது |
| ஃபைபர் | 8 மி.மீ. | 90 கிலோ | ரெசின் தரம், தீ |
| பிளாஸ்டிக் | 10 மி.மீ. | 65 கிலோ | அளவு, தீ, ஃபிட்டிங் |

உள்ளே போகும் 1000 லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிலோ. அதன் பக்கத்தில் டேங்க் எடையின் வித்தியாசம் சின்னதுதான். இருந்தாலும் இரண்டு கனமான இரும்பு டேங்கை எடுத்துவிட்டு லேசானதை வைத்தால், அடிக்கனம் குறைந்து போட்டு முன்னைவிட உருளும். குறைந்த எடைக்கு அடியில் ஈடு வைக்க வேண்டியிருக்கலாம்.

## ஒட்டுப் போடுவது

மலிவு, இரண்டு நாள் வேலை. அடுத்த தடைக்காலம் வரை தள்ள வேண்டும் என்றால் சரி. ஆனால் ஒரு இடத்தில் பொத்தல் விழுந்த அடித்தகட்டில் மற்ற இடமும் காகிதமாகத்தான் இருக்கும். வெல்டிங் வைத்தால் ஓட்டை பெரிதாகும், ஒட்டின் ஓரத்தில் அடுத்த கசிவு வரும். உள்ளே ஃபைபர் பூசிவிடலாம் என்பார்கள். டீசல் ஊறிய குழிகளில் ரெசின் பிடிக்காது. உரிந்து வந்து ஃபில்டரை அடைத்து, நடுக்கடலில் இன்ஜினை நிறுத்தும்.

இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். "டீசல்தானே, பெட்ரோலா என்ன?" என்று காலி டேங்கில் அப்படியே கட்டிங் வைக்கிறார்கள். நம் நாட்டு டீசல் தரத்தில் தீப்பற்று வெப்பநிலைக்கு வைத்திருக்கும் கீழ் வரம்பே 35 டிகிரிதான். மூடிய இன்ஜின் ரூம் வெயிலில் அதைத் தாண்டும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆவியும் காற்றும். டேங்கைச் சோப்பு போட்டுக் கழுவி, வெல்டிங் வைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, எல்லா வாயையும் திறந்து வைத்த பிறகுதான் நெருப்புக் காட்ட வேண்டும். முடிந்தால் போட்டுக்கு வெளியே எடுத்துச் செய்யுங்கள்.

## புது இரும்பு டேங்க்

பழசு என்று ஒதுக்காதீர்கள். எந்தத் துறையிலும் வெல்டர் இருக்கிறார், எந்த அளவிலும் வளைத்துத் தருவார், பழசை எடைக்குப் போட்டால் கொஞ்சம் காசும் வரும். தீக்கும் நன்றாகத் தாங்கும்.

குறை துருதான். அதிலும் தப்பான வைத்தியம் செய்பவர்கள் அதிகம். உள்ளே பெயிண்ட் அடிக்க வேண்டாம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டில் செய்யவே கூடாது. அதன் துத்தநாகம் டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு பொருளாகி, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலை அடைக்கும். ஜி.ஐ. குழாய்க்கும் இதே பேச்சு. உள்பக்கம் வெறும் தகடு, அதில் டீசல் ஈரம், அது போதும். வெளிப்பக்கம்தான் காசு செலவழிக்க வேண்டிய இடம்: துருவும் கறுப்புச் செதிலும் போகத் தேய்த்து, எபாக்ஸி பிரைமர் ஒரு கை, எபாக்ஸி பெயிண்ட் இரண்டு கை. அடித்தகட்டை மட்டும் 6 மி.மீ. போடச் சொல்லுங்கள். எடையில் எட்டு கிலோ கூடும், ஆயுளில் அதைவிட நிறையவே கூடும்.

இது யாருக்கு: போட்டுக்கு ஆறிலிருந்து பத்து வருஷம் மிச்சம், டேங்க் அடியில் கை போகும் இடம் இருக்கிறது, போய்வருவது இரண்டு மூன்று நாள் தங்கல். நம் மாவட்டத்து மரப் போட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். என் ஓட்டு இதற்கே.

## எஸ்.எஸ். டேங்க்

எல்லோரும் ஆசைப்படுவது இதைத்தான். தகட்டின் விலை கிலோவுக்கு இரும்பைப் போலச் சுமார் ஐந்து மடங்கு. மெல்லிய தகடு போதும் என்பதால் ஒரு டேங்குக்கு உலோகச் செலவு மூன்று மடங்கு பக்கம் வந்து நிற்கும். ஆர்கான் வெல்டிங் கூலி அதன்மேல்.

பிரச்சினை விலையில் இல்லை. எஸ்.எஸ். என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். 202, 304, 316 எல்லாமே வெள்ளையாகப் பளபளக்கும். கடல்காற்றுக்கும் உப்புத்தண்ணீருக்கும் ஓரளவு நிற்பது 316. அதில் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. 304 அடித்தண்ணீரில் ஊசிக்குத்து மாதிரி பொத்தல் விடும். 202 கல்யாண மண்டபத்துப் பாத்திரத்துக்குச் சரி.

எங்களுக்கே நடந்தது. முதல் டேங்க் போன பிறகு ஆசைப்பட்டு ஒரு பட்டறையில் எஸ்.எஸ். டேங்க் செய்தோம். "காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டாது" என்று காட்டினார்கள், ஒட்டவில்லை. நாங்களும் தலையாட்டினோம். மூன்றாவது வருஷம் வெல்டிங் ஓரமெல்லாம் தேயிலைச் சாயம் இறங்கினமாதிரி பழுப்புக் கோடு. துடைத்தால் டீசல் ஈரம். பிறகுதான் தெரிந்தது, காந்தச் சோதனை இங்கே உதவாது: 202, 304, 316 மூன்றுமே காந்தத்துக்குச் சட்டை பண்ணாது. தகடு வாங்கும்போது ஆலைச் சான்றிதழ் கேளுங்கள். மாலிப்டினம் பார்க்கும் சொட்டு மருந்து சின்ன கிட்டாகக் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டால் 316இல் நிறம் மாறும், மற்றதில் மாறாது. தகட்டை வெட்டுவதற்கு முன் உங்கள் கண் முன்னால் விடச் சொல்லுங்கள். இன்னொன்று: ஹோட்டல் சமையல் மேடை செய்யும் பட்டறை நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நிறைய உண்டு. வேலை அழகாக இருக்கும். ஆனால் தடுப்புத் தகடு, கசிவுச் சோதனை இதெல்லாம் அவர்களுக்குப் பழக்கமில்லை, நீங்கள்தான் கூட இருந்து சொல்ல வேண்டும்.

இது யாருக்கு: தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் போட்டுக்காரர்களுக்கு. வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர்களுக்கு டீசலில் துரு கலந்தால் வரும் நஷ்டம் டேங்க் விலையைவிடப் பெரிது. போட்டும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். டேங்கை ஈரச் சாக்கிலோ பலகையிலோ அழுத்தி வைத்தால் 316கூடத் தாங்காது.

## அலுமினியம்

லேசு, உள்ளே டீசலோடு சண்டை இல்லை, 5052 அல்லது 5083 தகடானால் கடலுக்கும் ஏற்றது. ஆனால் பழைய போட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் டேங்க் அல்ல, அதைச் சுற்றியிருப்பவை. நம் போட்டுகளில் வால்வு பித்தளை, குழாய் செம்பு. உப்புத்தண்ணீர் நடுவே நின்றால் அலுமினியம்தான் கரையும். ஃபிட்டிங் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இடையில் பிளாஸ்டிக் வாஷர் வைக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் யாராவது ஒரு பித்தளை நிப்பிளை நேரடியாக முறுக்கிவிட்டால் போச்சு. செம்புக் குழாயை எந்த டேங்க் போட்டாலும் மாற்றுவதே நல்லது, அது டீசலைச் சீக்கிரம் பிசினாக்கும்.

இது யாருக்கு: வேகம் முக்கியமான லேசான போட்டு, குழாய் முழுக்கப் புதிதாகப் போடப் போகிறவர், நல்ல அலுமினிய வெல்டர் கைவசம் உள்ளவர்.

## ஃபைபர்

நம் கரையில் ஃபைபர் வேலை தெரியாத ஊர் இல்லை. போட்டின் வளைவுக்கு ஏற்ப வார்க்கலாம், மூலை இடம் வீணாகாது, துரு கிடையாது. இரண்டு பாதியாகச் செய்து இன்ஜின் ரூம் வாய் வழியாக இறக்கி உள்ளேயே ஒட்டலாம், டெக்கைப் பிரிக்க வேண்டியதில்லை. இந்த ஒன்றுக்காகவே சில போட்டுக்கு இதுதான் மலிவு.

வள்ளத்துக்கு ஊற்றும் சாதாரண ரெசின் இதற்கு ஆகாது. ஐசோ ரெசின் அல்லது வினைல் எஸ்டர் கேளுங்கள். பின்னது விலை கூட, ஆனால் டீசலுக்கு உறுதி. உள்பக்கம் டிஷ்யூ மேட்டோடு (மெல்லிய கண்ணாடி இழை விரிப்பு) ரெசின் கூடுதலாக உள்ள ஒரு அடுக்கு வர வேண்டும். வாசனை முழுக்க அடங்கும்வரை டீசல் ஊற்றக் கூடாது. மழைக்காலத்தில் இதற்கு வாரங்கள்கூட ஆகலாம்.

மரப் போட்டில் பக்கப்பலகையையே டேங்க் சுவராக வைத்து ஃபைபர் பூசுவதை மட்டும் செய்யாதீர்கள். அலையில் மரம் அசையும், ஃபைபர் அசையாது, வெடிப்பு விழும். பிறகு டீசல் பலகைக்குள் ஊறி, அங்கே எந்த ஒட்டும் பிடிக்காது. தனி டேங்காகச் செய்து உட்காரவையுங்கள். ஃபைபர் போட்டானால் இந்தக் கவலை பாதி குறையும், அங்கே ஃபைபர் டேங்கே முதல் தேர்வு.

## பிளாஸ்டிக்

அவுட்போர்டு (வெளியே மாட்டும் இன்ஜின்) வைத்த வள்ளத்துக்கு எரிபொருளுக்கென்றே செய்த பிளாஸ்டிக் டேங்க் போதும், வேறு யோசிக்க வேண்டாம். பெரிய போட்டுக்குச் சிலர் மொட்டைமாடித் தண்ணீர் டேங்கை இறக்கிவிடுகிறார்கள். உள்ளே தடுப்பு இல்லாததால் டீசல் அலையடிக்கும், நிப்பிள் ஓரம் விரியும், இன்ஜின் சூட்டில் அடி தொங்கும், தீப்பிடித்தால் உருகி ஊற்றும். வேண்டாம். எரிபொருளுக்கென்று வார்த்த கனமான டேங்க் என்றாலும் முதல்முறை நிரப்பியதும் கொஞ்சம் ஊதும். சுற்றிலும் இரண்டு விரல் இடம் விட்டு வையுங்கள்.

## எதைப் போட்டாலும் மாறாதவை

ஒரு பெரிய டேங்கை எடுக்கிற இடத்தில் இரண்டு சின்ன டேங்க் வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். வாய் வழியே நுழையும், டெக் பிழைக்கும், ஒன்றில் தண்ணீர் கலந்தாலும் இன்னொன்றில் கரை சேரலாம். இரண்டையும் இணைக்கும் குழாயில் வால்வு வேண்டும். திறந்தே கிடந்தால் போட்டு சாயும் பக்கம் டீசல் ஓடி இன்னும் சாய்க்கும்.

அடித்தகட்டைச் சாய்வாக வைத்து, தாழ்ந்த மூலையில் சின்னக் குழியும் வடிகால் வால்வும். இன்ஜினுக்குப் போகும் குழாய் அடியிலிருந்து ஓர் அங்குலமாவது மேலே. அளவுகோல் குழாய்க்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு கூடுதல் தகட்டுத் துண்டு. கை நுழைகிற அளவுக்கு மேல் மூடி. காற்றுக் குழாய் டெக்குக்கு மேலே வளைந்து, வாயில் கம்பி வலையோடு.

மேல் மூடியின் வாஷருக்கு நம்மூர் ஆட்கள் டயர் டியூபை வெட்டிப் போடுவார்கள். ரப்பர் விளையும் மாவட்டம், கைக்குக் கிடைப்பது அதுதான். ஆனால் இயற்கை ரப்பர் டீசலில் ஊதிக் களியாகிவிடும். நைட்ரைல் ரப்பர் கேட்டு வாங்குங்கள், ஹோஸுக்கும் அதேதான்.

கசிவுச் சோதனைக்குக் காற்று அடிக்கும்போது 3 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கலாம். பஞ்சர் கடை கம்பரசரை நேராக மாட்டி விடாதீர்கள். மேலே சொன்ன டேங்கின் பெரிய முகத்தில் 3 பி.எஸ்.ஐ.யே இரண்டரை டன்னுக்கு மேல் தள்ளுகிறது. 30 அடித்தால் டேங்க் பலூனாகி வெடிக்கும். இந்தச் சோதனை டேங்க் வெளியே இருக்கும்போது ஒருமுறை, உள்ளே பொருத்திக் குழாய் மாட்டியபின் இன்னொருமுறை. டெக் பலகையை அதற்கு அப்புறம் அடிக்கட்டும்.

எங்கள் போட்டில் இப்போது இரண்டு இரும்பு டேங்க், ஒவ்வொன்றும் 450 லிட்டர். இரண்டும் நைலான் பட்டை வைத்த கட்டையில் நாலு விரல் உயர்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு தடைக்காலத்திலும் குப்புறப் படுத்து அடியில் கையை விட்டு முழுக்கத் தடவிப் பார்க்கிறேன். போன ஜூனில் ஒரு மூலையில் மட்டும் பெயிண்ட் நாணய அளவுக்குக் கொப்பளித்திருந்தது. சுரண்டித் தேய்த்து, பழைய டப்பாவில் மிச்சமிருந்த எபாக்ஸியைத் தடவினேன். அரை மணி நேர வேலை.